சுவர்களும் சாட்சி சொல்லும்

குற்றக் கதையொன்றைத் திரையில் காண்கிறோம். இறந்தவர் பேசமாட்டார், குற்றம் புரிந்தவன் உண்மை பேசமாட்டான், கண்ணால் கண்டவர்களோ அஞ்சி வாய்மூடி இருப்பர். பின், நடந்ததை நமக்கு எடுத்துரைப்பவை எவை? கவிழ்ந்து கிடக்கும் நாற்காலி, பாதி குடித்த தேநீர்க் குவளை, ஓடாமல் நின்றுபோன கடிகாரம், படம் தொங்கிய இடத்தில் மட்டும் அழுக்குப் படியாமல் வெளுத்துத் தெரியும் சுவர். இவைதாம் பேசுகின்றன. மற்றக் கதைகளில் அரங்கம் என்பது வெறும் பின்னணி. குற்றக் கதையிலோ அதுவே முதற் சாட்சி.

அந்தச் சாட்சி தானாக வந்து நிற்பதில்லை. ஒவ்வொரு பொருளையும் தேர்ந்தெடுத்து, இங்கே தொங்கு, அங்கே கிட என்று வைக்கிறவர் ஒருவர் உண்டு. அவரைக் கலை இயக்குநர் என்பர். அவர் நினைத்தால் ஒரு சொல்லும் இல்லாமலே நிரபராதியைக் குற்றவாளியாக்கிவிட முடியும். அப்பணியின் சிறு பகுதியொன்று அண்மையில் என் கைக்கு வந்தது. அதனால் எழுந்த சிந்தனைகளையே இங்கு எழுதுகிறேன்.

கடலாடியில் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். என் தமக்கையின் மகன் மதுரையில் ஒரு கல்லூரியில் காட்சித் தொடர்பியல் பயில்கிறான். இறுதியாண்டுத் தேர்வுக்காக அவனும் அவன் தோழர் ஐவரும் சேர்ந்து இருபது நிமிடப் படமொன்று எடுக்க வேண்டும். அவர்கள் எழுதியிருப்பது கொலைக் கதை. "மாமா, கதை எங்களிடம் இருக்கிறது; அறைகள்தாம் இல்லை. நீங்கள் வரைந்து தாருங்கள்" என்று கேட்டான்.

சினிமா நமக்கெதற்கு என்று கேட்கும் பெரியவர்கள் நம் குடும்பங்களில் உண்டு. அக்கேள்வியை நான் இகழவில்லை. ஆயினும் நம் பிள்ளைகள் அதனைப் பாடமாகவே பயிலும் காலம் வந்துவிட்டது. பயில்கிறவன் நேர்மையாகப் பயிலட்டும் என்றுதான் பென்சிலைக் கையில் எடுத்தேன்.

கதை இதுதான். ஆண்டு 1986, ஜூன் மாதத்து முதல் வாரம். கடற்கரையோர உப்பளம் ஒன்றின் கணக்கர் தம் அலுவல் அறையில் இறந்து கிடக்கிறார். பணப்பெட்டி இருந்த அலமாரி திறந்து கிடக்கிறது. முன்னிரவில் அவ்வறைக்குள் சென்றதாகச் சொல்லப்படுகிறவர் ஒரு முஸ்லிம் தையற்காரர். ரமலானின் கடைசிப் பத்து நாள்கள் அவை. பெருநாள் துணிகளுக்காக விடிய விடியத் தையற்கடை விளக்கு எரியும் காலம். தைத்த சட்டையைக் கொடுக்கச் சென்ற அவர்மீது ஐயம் விழுகிறது. முடிவில், உப்பளத்தின் பங்காளியே தன்னிடமிருந்த சாவியால் அலமாரியைத் திறந்துவிட்டு, உடைக்கப்பட்டதுபோல் பூட்டைக் கீறி வைத்தான் என்பது வெளிப்படுகிறது. இரண்டே அறைகள் வேண்டும்: கணக்கரின் அறை, தையற்காரரின் அறை.

மாணவர்கள் குற்றப்படம் எடுப்பது தமிழுக்குப் புதிதன்று. அடையாறு திரைப்படக் கல்லூரியில் பயின்ற இளைஞர்கள் ஒன்றுகூடி எடுத்த 'ஊமை விழிகள்' 1986ஆம் ஆண்டு வெளிவந்தது. ஆபாவாணன் எழுதித் தயாரிக்க, அரவிந்தராஜ் இயக்கிய அப்படம், கல்லூரியில் கற்றதைக் கொண்டே ஊரைத் திரும்பிப் பார்க்கச் செய்யலாம் என்று காட்டியது. அதற்கும் முன்னர், 1954இல், எஸ். பாலசந்தர் 'அந்த நாள்' எடுத்தார். ஒரு பாட்டும் இல்லாமல், ஒரு கொலையைப் பலர் பலவிதமாகச் சொல்லும் கதை அது. இவ்விரண்டையும் பிள்ளைகளைப் பார்க்கச் சொன்னேன். நடிப்பைப் பார்க்க வேண்டாம், நாற்காலிகளையும் கதவுகளையும் பாருங்கள் என்றேன்.

அவர்களுடைய முதல் விருப்பம் தனுஷ்கோடி. இடிந்த தேவாலயமும் இரயில் நிலையமும் மணலும் கடலும் காசு கேளாமல் காட்சி தரும் என்பது அவர்கள் கணக்கு. நான் இசையவில்லை. 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு அடித்த புயலில் அவ்வூர் அழிந்தது. பயணிகளோடு ஓர் இரயிலும் கடலுக்கு இரையாயிற்று. அங்கே நிற்கும் சுவர்களுக்கு ஏற்கெனவே ஒரு துயரக் கதை உண்டு. நம் கற்பனைக் கொலைக்காக அச்சுவர்களை வேறு கதை பேச வைப்பது முறையன்று. அன்றியும், நம் கதை உப்பளக் கதை. மாரியூர், வாலிநோக்கம் பக்கத்து உப்பளங்கள் நம் கடலாடி வட்டாரத்திலேயே இருக்கின்றன. 1974இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு உப்புக் கழகமே அங்கே உப்பு விளைவித்து வருகிறது. வெளிப்புறக் காட்சிகளை உரிய அனுமதி பெற்று உப்பளக் கரையில் எடுப்பது, அறைகளை மட்டும் நம் உறவினர் ஒருவரின் பழைய கிட்டங்கிக்குள் எழுப்புவது என்று முடிவாயிற்று.

உண்மையான அறை ஒன்றிலேயே எடுத்துவிடலாமே என்று வாசகர் கேட்கலாம். எடுக்கலாம், ஆனால் உண்மையான அறையில் காமிராவுக்கு இடம் இராது. நான்கு சுவர்களுக்குள் நடிகர் இருவர் நின்றால், காமிராவும் விளக்கும் மாணவர் அறுவரும் எங்கே நிற்பது? எழுப்பிய அறையிலோ ஒரு சுவரைக் கழற்றி வைத்துவிட்டு வசதியாக நிற்கலாம். மேலும், உண்மையான அறையில் நாம் வைக்காத பொருள்கள் பல இருக்கும். நாம் வைக்காத ஒவ்வொன்றும் நாம் சொல்லாததைச் சொல்லிவிடும்.

கணக்கர் அறையை 16 அடி நீளமும் 12 அடி அகலமுமாக வரைந்தேன். 4 அடி அகலமும் 8 அடி உயரமும் உள்ள தட்டிகளால் சுவர்கள் எழும்: பின்சுவருக்கு நான்கு, பக்கத்திற்கு மூன்றாக ஆறு, ஆகப் பத்துத் தட்டிகள். வலப்பக்கத்து மூன்றும் கழற்றி மாட்டத் தக்கவை. சவுக்குச் சட்டத்தில் பழைய சணல் சாக்கை இழுத்து ஆணியடித்து, அதன்மேல் பசையில் தோய்த்த தாள்களை ஒட்டி, காய்ந்தபின் சுண்ணாம்பு பூசினால், உப்புக் காற்றில் பொரிந்துபோன சுவரின் தோற்றம் வந்துவிடும். ஓர் அடிக்கு ஓர் அங்குலம் என்ற அளவில் அட்டையில் சிறு மாதிரியும் செய்தோம். அம்மாதிரிக்குள் தீப்பெட்டியை மேசையாகவும் மணிலாக் கொட்டைகளை மனிதர்களாகவும் வைத்து, எங்கிருந்து பார்த்தால் எது மறைகிறது என்று பிள்ளைகள் ஒரு மாலை முழுவதும் ஆராய்ந்தனர். காசு செலவில்லாமல் திருத்தக்கூடிய இடம் அட்டைதான். தட்டி எழும்பிய பின் ஒவ்வொரு திருத்தத்துக்கும் கூலி உண்டு. மொத்தச் செலவுக்கு அவர்களிடம் இருப்பது 18,000 ரூபாய், ஆளுக்கு மூவாயிரம்.

பணம் குறைவு என்பதைக் குறையாகக் கொள்ள வேண்டியதில்லை. 1920இல் ஜெர்மனியில் எடுத்த 'டாக்டர் காலிகாரி' படத்தில் வளைந்த வீடுகளையும் கோணல் தெருக்களையும் திரைச்சீலையில் தீட்டினர். நிழலைக்கூட வண்ணத்தால் வரைந்தனர். நம் வட்டார இசை நாடக மேடைகளில் காடும் அரண்மனையும் படுதாவில் தொங்கியதைக் கண்டவர்களுக்கு இது வியப்பாக இராது. ஜப்பானில் அகிரா குரோசவா 1950இல் 'ரஷோமோன்' எடுத்தபோது, மாபெரும் நகர வாயில் ஒன்றை எழுப்பினார். முழுக் கூரையையும் ஏற்றினால் தூண்கள் தாங்கா என்று தெரிந்தது. ஆகவே பாதிக் கூரை இடிந்த வாயிலாகவே அதை அமைத்துவிட்டார். இயலாமை அங்கே அழகாயிற்று. எங்கள் அறைக்கும் கூரை இல்லை. எனவே காமிரா 8 அடிக்கு மேல் நிமிராதவாறு காட்சிகளை வகுத்துக்கொண்டோம்.

ஒரே அறையில் படம் நடந்தால் சலிக்காதா என்பது பிள்ளைகளின் மற்றோர் ஐயம். சிட்னி லூமெட் 1957இல் எடுத்த 'பன்னிரண்டு கோபக்காரர்கள்' படத்தை எடுத்துக்காட்டினேன். கொலை வழக்கொன்றில் தீர்ப்புச் சொல்ல வேண்டிய பன்னிருவர் ஓர் அறைக்குள் அமர்ந்து வாதிடுகின்றனர். தொடக்கத்தில் காமிரா கண்மட்டத்துக்கு மேலிருந்து பார்க்கிறது. போகப் போகக் கீழிறங்குகிறது. லென்சின் நீளமும் கூடிக்கொண்டே செல்கிறது. சுவர்கள் நெருங்குவதுபோல் பார்ப்பவர்க்கு மூச்சு முட்டுகிறது. அறை மாறவில்லை, பார்வை மாறிற்று.

இனித் தடயங்கள். உப்புக் காற்று இரும்பை விரைவில் அரிக்கும் என்பதைக் கடற்கரையில் வாழும் நமக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அலமாரியின் பூட்டில் புதிய கீறல்கள் பளபளக்க வேண்டும். ஆனால் நாதாங்கியைப் பலகையோடு பிணைத்த ஆணிகளின் தலையில் படிந்த துரு சிறிதும் உதிராமல் இருக்க வேண்டும். நெம்பியிருந்தால் அத்துரு விண்டிருக்குமே! அந்த ஆணித்தலை ஒன்றே தையற்காரரைக் காப்பாற்றுகிறது. ஆகவே வண்ணத்தால் துருவைத் தீட்டும் எண்ணத்தை விட்டு, உண்மையான நாதாங்கியை ஆணிகளோடு பலகையில் அடித்து, உப்புநீர் தெளித்து வெயிலில் வைத்திருக்கிறோம். நாளுக்கு நாள் அது தன் சாட்சியத்தைத் தயார் செய்துகொண்டிருக்கிறது.

நாள்காட்டி மற்றொரு நுட்பம். 1986ஆம் ஆண்டின் தேதிகளும் கிழமைகளும் 2025ஆம் ஆண்டோடு அப்படியே ஒத்திருக்கின்றன. எனவே 2025ஆம் ஆண்டு நாள்காட்டியில் ஆண்டை மட்டும் மறைத்துவிட்டால் போதும் என்றான் மருமகன். கணக்கர் அறைக்கு அது சரி. ஆனால் தையற்காரரின் சுவரில் தொங்குவது பிறைத் தேதியும் அச்சிட்ட நாள்காட்டி. 1986 ஜூன் முதல் வாரம் ரமலான். 2025 ஜூன் முதல் வாரமோ துல்ஹஜ், ஹஜ்ஜுப் பெருநாள் வாரம். கிழமை பொருந்தும், பிறை பொருந்தாது. நம் வீட்டுப் பெண்கள் ஒரே நொடியில் கண்டுகொள்வர். அந்த ஏட்டை நானே கையால் எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.

குருதிக்கு என்ன செய்வது என்றும் கேட்டனர். 1960இல் வந்த 'சைக்கோ' கறுப்பு வெள்ளைப் படமாதலால் ஹிட்ச்காக் சாக்லேட் பாகையே குருதியாக ஓடவிட்டார். எங்களுடையது வண்ணப்படம், சர்க்கரைப் பாகில் சிவப்புச் சாயம் கலந்தால் போதும். ஆனால் நான் அதை ஒரு கைக்குட்டை அளவுக்குமேல் அனுமதிக்கவில்லை. சாக்கும் தாளும் கலந்த சுவர்கள் எளிதில் தீப்பற்றும். ஆகவே அறைக்குள் சிம்னி விளக்கு எரியாது, வாளிகளில் மணல் இருக்கும். காக்கி உடையும் பொய்த் துப்பாக்கியும் தெருவில் தெரிவதால், காவல் நிலையத்துக்கும் ஜமாஅத்துக்கும் முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்துவிட வேண்டும். இவையெல்லாம் எளிய ஏற்பாடுகள்.

எளிதல்லாத ஒன்று தையற்காரரின் அறையில் காத்திருந்தது. அவ்வறைக்கு வேண்டிய பொருள்களின் பட்டியலை மருமகன் முன்னதாகவே எழுதி வைத்திருந்தான். பச்சை வண்ணச் சுவர். சட்டமிட்ட கஅபா படம். 786 எழுதிய பலகை. ஆணியில் தொங்கும் தொப்பி. அத்தர்க் குப்பி. தஸ்பீஹ். மங்கிய சிவப்பு விளக்கு. மேசைமீது நீண்ட கத்தி. எட்டுப் பொருள்கள், தையல் இயந்திரம் அவற்றுள் இல்லை!

"தம்பி, இவற்றுள் தையற்காரருக்கு உரியது எது?" என்று கேட்டேன். அவன் பட்டியலை மீண்டும் படித்தான். பதில் இல்லை. "இவற்றுள் கொலைக்கு உரியது எது?" என்றேன். கத்தியைக் காட்டினான். கதையில் கணக்கர் கத்தியால் இறக்கவில்லை. பின் அக்கத்தி எதற்கு? "பார்ப்பவர்கள் அவரைச் சந்தேகிக்க வேண்டுமே, மாமா" என்றான்.

அதுதான் விடை. பார்ப்பவர் சந்தேகிப்பதற்கு அவன் தேடி எடுத்தவை எல்லாம் அவன் வீட்டிலேயே இருப்பவை. அவன் உம்மா நாள்தோறும் துடைத்து வைக்கும் படமும் அவன் பாட்டனார் விட்டுச் சென்ற தஸ்பீஹும் எப்போது ஐயத்தின் அடையாளங்களாயின? அவற்றை அப்படி அடுக்கக் கற்றுக்கொடுத்தது யார்? இவன் பிறப்பதற்கு முன்பிருந்தே திரைப்படங்கள் பல அவ்வாறு அடுக்கி வந்திருக்கின்றன. தொழுகை விரிப்பைக் காட்டி, உடனே வெடிமருந்தைக் காட்டுவது. பாங்கோசை கேட்கும்போதே கொலைகாரன் முகத்தை நெருங்குவது. மீண்டும் மீண்டும் காட்டியதால் அது மொழியாகிவிட்டது. நம் பிள்ளைகளும் அம்மொழியிலேயே பேசக் கற்றுக்கொண்டனர். தம்மைப் பற்றிப் பேசும்போதுங்கூட.

மருமகன் எளிதில் விட்டுக்கொடுக்கவில்லை. "எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் அவர் முஸ்லிம் என்பதே மறைந்துபோகுமே. மறைப்பதும் ஒரு பொய்தானே, மாமா?" என்றான். நல்ல கேள்வி. அதற்கு நான் உடனே விடை கூறவில்லை. அன்று மாலை இருவரும் கடைத்தெருவுக்குச் சென்று, அறிந்த தையற்காரர் ஒருவரின் கடையில் ஒரு மணி நேரம் அமர்ந்திருந்தோம். வரைவதற்கு முன் பார்க்க வேண்டும் என்பது நான் வகுப்பறையில் நெடுங்காலம் சொல்லி வந்த பாடம்.

பார்த்தவை இவை. மிதித்து மிதித்து நடுவில் வழவழப்பான மிதிகட்டை. எண்ணெய்க் குப்பி. நீலச் சாய்வடிக் கட்டிகள், தேய்ந்து நகக்கண் அளவானவை. கழுத்தில் தொங்கும் அளவுநாடா, முதல் மூன்று அங்குலம் எழுத்தழிந்தது. துணி வெட்டும் கத்தரி. அதை வேறெதற்கும் எவரும் தொடக்கூடாது. வாடிக்கையாளர் அளவுகள் எழுதிய நீண்ட நோட்டு. தைத்த துணிகளில் குத்திய துண்டுச் சீட்டுகள். தரையெங்கும் வெட்டுத் துணிகள். இவற்றின் நடுவே, மேல்தட்டில், துணிக்கட்டுகளுக்குப் பக்கத்தில், நான்காக மடித்த தொழுகை விரிப்பு. அதன்மேல் தொப்பி. அவ்வளவுதான். எவருக்கும் காட்டுவதற்காக அது அங்கே இல்லை. வேளை வந்தால் எடுப்பதற்காக இருந்தது.

வீடு திரும்பியதும் புதிய தாளில் மூன்று பத்திகள் வகுத்தோம். மனிதருக்கு உரியவை, செயலுக்கு உரியவை, பார்ப்பவரைத் திசைதிருப்ப வைப்பவை. முதற்பத்தி நிறைந்தது, விரிப்பும் தொப்பியும் அதில் இடம்பெற்றன. இரண்டாம் பத்தியில் நாதாங்கியும் கீறலும் சட்டையும் மட்டுமே. மூன்றாம் பத்திதான் சிக்கலானது. குற்றக் கதையில் திசைதிருப்பல் வேண்டும். அது அக்கலையின் இலக்கணம். ஆனால் எதைக் கொண்டு திசைதிருப்புவது? அவர் கத்தரியைக் கொண்டு ஐயுறச் செய்யலாம். நோட்டில் கணக்கர் பெயருக்கு நேரே உள்ள பழைய பாக்கியைக் கொண்டு ஐயுறச் செய்யலாம். இவை அந்த ஒரு மனிதரைப் பற்றிய ஐயங்கள். கதை முடிவில் தீர்ந்துவிடும். தொழுகை விரிப்பைக் கொண்டு எழுப்பும் ஐயமோ படம் முடிந்தபின்னும் தீராது. அரங்கை விட்டு வெளியேறி, விரிப்புள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் நடந்து செல்லும்.

கணக்கரின் அறையிலும் இதே நெறிதான். அவருடைய சுவரில் முருகன் படமும் அதன்மேல் வாடிய சாமந்திச் சரமும் இருக்கும். அவை அவருடைய அன்றாடம். அதற்குமேல் எதையும் சொல்லா. உண்மைக் குற்றவாளியான பங்காளியின் மேசையில் எந்தச் சமயச் சின்னமும் வேண்டாம். பேரேடும் சாவிக்கொத்தும் போதும். நம்மை இழிவாகக் காட்டாதே என்று கேட்கிற நாம், பிறரை அவ்வாறு காட்டினால் அக்கேள்விக்கு என்ன மதிப்பு?

நம் மார்க்கம் சாட்சியத்தை எவ்வளவு பெரிய அமானிதமாகக் கருதுகிறது என்பதை வாசகர் அறிவர். நமக்கே பாதகமாயினும் நீதியோடு சாட்சி சொல்ல வேண்டும் என்பது கட்டளை. ஆதலின், முஸ்லிம் குற்றவாளியாக வரும் கதையே கூடாது என்று நான் வாதிடவில்லை. குற்றம் எங்கும் உண்டு, நம்மிலும் உண்டு. அவன் செயலே அவனுக்கு எதிராகச் சாட்சி சொல்லட்டும். அவன் சுவரில் தொங்கும் கஅபா படத்தைக் கூண்டில் ஏற்ற வேண்டாம்.

மணிரத்னத்தின் 'நாயகன்' 1987இல் வெளிவந்தது. பம்பாய்த் தாராவியின் பெரும்பகுதியைத் தோட்டா தரணி சென்னை வீனஸ் ஸ்டுடியோவில் எழுப்பி, அதற்காகத் தேசிய விருதும் பெற்றார். அக்கதையில் திக்கற்ற சிறுவனை எடுத்து வளர்ப்பவர் ஒரு முஸ்லிம் பெரியவர். கடத்தலும் கொலையும் நிறைந்த கதைக்குள்ளும் ஒரு வீட்டை வீடாகவே காட்ட இடம் உண்டு என்பதற்கு அது சான்று.

இதை எழுதும் நேரம் வரை ஒரு தட்டிகூட எழவில்லை. சாக்குகள் கிட்டங்கியில் கிடக்கின்றன, நாதாங்கி துருவேறிக்கொண்டிருக்கிறது. தையற்காரர் தம் பழைய மிதிகட்டையையும் எழுதி முடிந்த அளவு நோட்டையும் இரவல் தர இசைந்திருக்கிறார். பெயர்கள் தெரியாதபடி வேறு பக்கங்களை ஒட்டிக்கொள்ள வேண்டும் என்பது மட்டும் அவர் விதித்த நிபந்தனை. பெருநாளுக்கு முந்திய இரவு அறைக்குள் எப்படி வெளிச்சம் விழ வேண்டும் என்பதில் எனக்கும் மருமகனுக்கும் இன்னும் இணக்கம் ஏற்படவில்லை. அவன் சிவப்பு வேண்டும் என்கிறான். நான் நாற்பது வாட்டுக் குண்டு பல்பின் மஞ்சள் போதும் என்கிறேன்.

நம் பிள்ளைகள் இத்துறைக்குச் செல்வதை நாம் தடுக்கலாம், தடுக்காமலும் இருக்கலாம். அது அவரவர் வீட்டு முடிவு. ஆனால் சென்றுவிட்ட பிள்ளை ஒருநாள் வந்து, வீட்டிலிருந்து ஒரு பொருளைப் படத்துக்காகக் கேட்டால், மறுக்காமல் எடுத்துக் கொடுங்கள். கொடுக்கும்போது, அது யாருடையது, எந்த வேளையில் யார் கையில் இருந்தது என்பதையும் சொல்லிக் கொடுங்கள். அதைக் கேட்டறிந்த கை, அப்பொருளைப் பொய்ச் சாட்சியாக நிறுத்தத் தயங்கும்.